போர்ப் படத்தில் விமானம் மட்டும் உண்மையாயிருந்தால் போதுமா?

ஆகாயப் போரைக் காட்டும் பழைய ஆங்கிலப் படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், முதலில் எழும் கேள்வி, "அதில் வரும் விமானங்கள் நிஜமானவையா?" என்பதுதான். அண்ணன் தம்பிமார் உள்ள வீடுகளில் இதைக் கேட்காத நாளில்லை. இறக்கை எப்படி வளைந்திருந்தது, மூக்கு எவ்வளவு நீளம் என்று துருவித் துருவிப் பார்ப்பார்கள். அந்தக் கேள்வியை நாங்கள் பழிக்கவில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டால், ஒரு படத்தின் உண்மையைப் பாதிதான் சோதித்தவர்களாவோம்.

1969-இல் வெளிவந்த "பேட்டில் ஆஃப் பிரிட்டன்" படத்தை எடுத்துக்கொள்வோம். 1940-ஆம் ஆண்டுக் கோடையில் இங்கிலாந்தின் வானில் நடந்த போரே கதை. இயக்குநர் கை ஹாமில்டன். படத்துக்காகப் பழைய விமானங்களை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தார்கள். ஜெர்மானிய விமானங்கள் எங்கே கிடைக்கும்? ஸ்பெயின் நாட்டு விமானப்படையிடம் கிடைத்தன. அவை ஜெர்மானிய மாதிரியில் ஸ்பெயினில் கட்டப்பட்டவை. வேடிக்கை என்னவென்றால், அவற்றின் எஞ்சின் இங்கிலாந்தின் ரோல்ஸ்ராய்ஸ்! ஸ்பிட்பயருக்கும் அவற்றுக்கும் ஒரே குலத்து எஞ்சின். அதனால் படத்தில் வரும் மெஸ்ஸர்ஷ்மிட்டுகளுக்கு மூக்கின் கீழே ஒரு புடைப்பு. நெஞ்சை நிமிர்த்தும் புறா ஒன்றின் பெயரை ஸ்பானியர்களே அதற்குச் சூட்டியிருந்தார்கள். விவரம் தெரிந்தவர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இந்தப் பிழையால் யாருக்கும் நஷ்டமில்லை.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு படம்: மைக்கேல் ஆண்டர்சன் இயக்கிய "தி டாம் பஸ்டர்ஸ்". 1943 மே 16-ஆம் நாள் இரவு, கை கிப்சன் என்ற 24 வயது அதிகாரியின் தலைமையில் 19 லங்காஸ்டர் விமானங்களும் 133 வீரர்களும் ஜெர்மனியின் அணைகளை உடைக்கப் புறப்பட்டார்கள். சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1955-இல் அதே மே 16 அன்று, படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது.

அணையை எப்படி உடைத்தார்கள் என்பது, பெளதிக வகுப்பில் சொல்லக்கூடிய கதை. சிறு பிள்ளைகள் குளத்தில் ஓட்டாஞ்சில்லை எறிந்து தத்த வைப்பதில்லையா? பார்ன்ஸ் வாலிஸ் என்ற பொறியியல் மேதை, நாலாயிரம் கிலோவுக்கு மேற்பட்ட குண்டை அப்படித் தத்த வைத்தார்! குண்டு உருளை வடிவம். விமானத்தில் இருக்கும்போதே அதை நிமிடத்துக்கு 500 முறை பின்னோக்கிச் சுழலவிடுவார்கள். 60 அடி உயரத்தில் பறந்து விடுவித்தால், நீரின்மேல் துள்ளித் துள்ளிப்போய் அணைச் சுவரில் முட்டி, சுவரை ஒட்டியே மூழ்கி, ஆழத்தில் வெடிக்கும். நள்ளிரவில் 60 அடியை எப்படி அளப்பது? விமானத்தின் அடியில் இரண்டு விளக்குகள். அவற்றின் வெளிச்சங்கள் நீரில் ஒன்றையொன்று தொட்டால் உயரம் சரி.

படத்தில் குண்டு பந்துபோல் இருக்கும்; சுழற்சியைப் பற்றிப் பேச்சே இராது. அது அறியாமையன்று, 1955-இலும் அந்தக் குண்டு இராணுவ இரகசியமாகவே இருந்தது. விளக்கு யோசனை கிப்சனுக்கு நாடக அரங்கில் உதித்ததாகக் காட்டுவது கற்பனை. அதைச் சொன்னவர் அரசாங்க விஞ்ஞானி ஒருவர். வெடித்து எழும் நீர் பொம்மைத் தொட்டியை நினைவூட்டுகிறது. ஆனால் பறக்கும் விமானங்கள் மெய்யான லங்காஸ்டர்கள், ஓட்டியவர்கள் விமானப்படையினர், வீரர்கள் நிஜமாகவே பயிற்சி செய்த டெர்வென்ட் பள்ளத்தாக்கிலேயே அவற்றைப் பறக்கவிட்டுப் படம் பிடித்தார்கள்.

படத்தின் முடிவை நாங்கள் மனமாரப் பாராட்டுகிறோம். வெற்றி முழக்கம் கிடையாது. எட்டு விமானங்கள் திரும்பவில்லை. சாப்பாட்டு மேசையில் வெறும் இருக்கைகள். அறைகளில் ஆளில்லாக் கட்டில்கள். 56 பேரை நினைத்து வாலிஸ் உடைந்துபோகிறார். கிப்சன் அவர்கள் வீடுகளுக்குக் கடிதம் எழுதப் போகிறார். உண்மையில் இறந்தவர்கள் 53 பேர், மூவர் சிறைப்பட்டார்கள். ஆனால் அன்று காலையில் அது யாருக்குத் தெரியும்? வாலிஸின் துயரமும் நடிப்புக்காகச் செய்ததன்று. தம் கண்டுபிடிப்புகளுக்காக 1951-இல் கிடைத்த 10,000 பவுனை, மாண்ட விமானப்படை வீரர்களின் பிள்ளைகள் படிப்பதற்கென்று தாம் பயின்ற பள்ளிக்கே கொடுத்துவிட்டார் அந்த மனிதர்.

மேலே இருந்தவர்களை இப்படி ஒருவர் விடாமல் எண்ணிய படம், கீழே இருந்தவர்களை எண்ணவில்லை. மோனே, ஏடர் என்ற இரண்டு அணைகள் உடைந்தன. விடிவதற்குள் 1,300-க்குக் குறையாத உயிர்களை வெள்ளம் கொண்டுபோயிற்று. மோனே அணைக்குக் கீழே ஹிம்மல்ப்போர்ட்டன் என்ற இடத்தில், பழைய காலத்தில் சிஸ்டர்சியன் சபைக் கன்னியர் வாழ்ந்த மடத்தின் கோவில் இருந்தது. பெயரின் பொருள் பரலோக வாசல். தேவமாதாவின் பிரார்த்தனையில் நாம் தினமும் சொல்லும் பெயர். கோவிலும் போயிற்று, பங்குச் சாமியாரும் போனார். இன்னும் கீழே நேஹைம் ஊரில் ஒரு முகாம். உக்ரேன், ரஷியா, போலந்து முதலிய நாடுகளிலிருந்து ஜெர்மானியர் வலுக்கட்டாயமாகப் பிடித்து வந்து வேலை வாங்கிய பெண்கள் அங்கே மரக் கொட்டகைகளில் உறங்கிக்கொண்டிருந்தார்கள். அன்றிரவு மாண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இத்தகைய அந்நிய நாட்டுக் கைதிகளே. அவர்களுடைய நாடுகள் இங்கிலாந்தின் நேச நாடுகள் என்பதை எண்ணும்போது மனம் பதறுகிறது.

குண்டின் வடிவத்தை மறைத்ததற்கு இரகசியம் காரணம். இதை மறைக்க என்ன காரணம்? படத்துக்கு ஆதாரமாயிருந்த பால் பிரிக்ஹில்லின் 1951-ஆம் ஆண்டு நூலிலேயே, இறந்தவர்களில் பெரும்பாலோர் ஜெர்மானியர் அல்லர் என்பது வந்துவிட்டது. இரண்டு மணி நேரப் படத்தில் எல்லாவற்றையும் சொல்ல முடியாது என்று சிலர் வாதிடுவார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் அரங்கில் உட்கார்ந்திருந்த காலம் அது என்பார்கள். இரண்டாவது வாதத்துக்கு நாங்கள் தலைவணங்குகிறோம். முதலாவதை ஏற்பதற்கில்லை; விளக்கைப் பற்றி ஒரு நாடகக் காட்சியையே கற்பனை செய்ய நேரம் இருந்ததே! 1977-இல் ஜெனீவா ஒப்பந்தத்தோடு சேர்த்த நெறிமுறையில், பொதுமக்கள் பெருவாரியாக மடியக்கூடுமானால் அணைகளைத் தாக்கலாகாது என்று உலக நாடுகள் எழுதி வைத்தன. படம் எடுத்தவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

கடைசியில் அந்த வெற்று அறைகளைக் காட்டும்போது, நேஹைம் முகாமின் கொட்டகை ஒன்றையும் அதே மெளனத்தோடு காட்டியிருக்கலாம். அரை நிமிடம் போதும். வசனம்கூட வேண்டாம்.