நரைத்த தலை ஒரு தகுதி அல்ல

மகனுக்கோ மகளுக்கோ கவுன்சலிங் தேடும் பெற்றோர் போனில் என்ன கேட்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? "அவங்களுக்கு என்ன வயசிருக்கும்? கல்யாணம் ஆயிடுச்சா? குழந்தை குட்டி உண்டா?" கொஞ்சம் தயங்கிவிட்டு, "நம்மவங்களா?" என்றும் கேட்பார்கள். என்ன படித்தார், எங்கே பயிற்சி எடுத்தார் என்ற கேள்வி கடைசியில் வந்தால் உண்டு. கல்யாணமாகாத இளம்பெண் என்று தெரிந்துவிட்டால், "வேற பெரியவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

வாழ்ந்து பார்த்தவர்தான் வழி சொல்ல முடியும் என்ற இந்த நம்பிக்கை நம்மிடம் ஊறிப்போனது. இது தவறான நம்பிக்கை. உதவி கிடைக்க வேண்டியவர்களுக்குக் கிடைக்காமல் செய்கிற நம்பிக்கை. இன்னும் மோசம், உதவி என்ற பெயரில் அவர்களைத் திரும்பவும் அடிவாங்க அனுப்புகிற நம்பிக்கை.

ஆலோசகரின் தோற்றமும் வயதும் பேச்சும் எதிரே இருப்பவரின் மனதில் படியத்தான் செய்யும். அதை நான் மறுக்கவில்லை. அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி ஸ்ட்ராங் 1968-லேயே இதைப் பற்றி எழுதினார். ஆலோசகர் விஷயம் தெரிந்தவராக, மனதுக்குப் பிடித்தவராக, நம்பத் தகுந்தவராகத் தெரிந்தால்தான் அவர் சொல் எடுபடும் என்பது அவர் வாதம். முதல் நாள் வந்தவர் இரண்டாம் நாளும் வருவாரா என்பதில் இதற்குப் பங்கு உண்டு. ஆனால் பிடித்துப்போவது வேறு, குணமாவது வேறு. நம் வீடுகளில் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை 2011-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு காட்டியது. கேப்ரல், ஸ்மித் என்ற இருவர், ஆலோசகரும் வருபவரும் ஒரே இனத்தவராக இருந்தால் என்ன ஆகிறது என்று அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். "எங்கள் ஆள்தான் வேண்டும்" என்ற விருப்பம் வலுவாக இருந்தது. தங்கள் இனத்து ஆலோசகரைச் சற்று உயர்வாக மதிப்பிடுவதும் இருந்தது. முடிவில் கிடைத்த பலனில் மட்டும் ஏறக்குறைய வித்தியாசமே இல்லை. கறுப்பின மக்களிடம் சிறு பலன் தெரிந்தது. அதை மறைக்கக் கூடாது. தலைமுறைகளாக இழிவுபடுத்தப்பட்டவர்கள், எதிரே இருப்பவர் தம்மை நம்புவாரா என்று அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. சாதியால் அவமானப்பட்ட மாணவர், அதை வாய்விட்டுச் சொன்னால் புரிந்துகொள்ளும் ஒருவரைத் தேடுவதும் அப்படித்தான். ஆனால் "நம்மவங்களா?" என்று கேட்கும் அப்பாவுக்கு அந்த அச்சம் கிடையாது. வீட்டு விஷயம் சாதிக்கு வெளியே போய்விடக் கூடாது என்பதுதான் அவர் கவலை.

சரி, அனுபவம்? 2016-இல் கோல்ட்பெர்க் குழுவினர் 170 சிகிச்சையாளர்களிடம் வந்த 6,500-க்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். ஆண்டுகள் ஏற ஏறச் சிகிச்சையாளர்களின் பலன் கூடவில்லை. சராசரியில் மிகச் சிறிய அளவு குறையத்தான் செய்தது. இருபது ஆண்டு இதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது மட்டும் யாரையும் திறமைசாலி ஆக்கிவிடாது. தன் வேலை பலித்ததா இல்லையா என்று திரும்பிப் பார்க்காதவருக்கு இருபது ஆண்டும் ஒன்றுதான், ஓராண்டும் ஒன்றுதான்.

அனுபவசாலி என்று நாம் கூட்டி வருபவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். கணவன் அடிக்கிறான் என்று ஒரு பெண் பிறந்த வீடு வந்திருக்கிறாள். கூடத்தில் பெரியவரை உட்காரவைத்துக் காபி கொடுக்கிறார்கள். அவள் இரண்டு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிடுகிறார்: "எங்க காலத்துல இல்லாததா? உங்க அத்தையைக் கேட்டுப் பாரு, நான் கை நீட்டாத நாளா? பொறுத்துப் போனாளே, இன்னைக்கு நல்லா இல்லையா? ரெண்டு பிள்ளை ஆயாச்சு, அனுசரிச்சுப் போம்மா." அவள் உடம்பில் எங்கே காயம் என்று அவர் கேட்கவில்லை. இன்று இரவு அந்த வீட்டுக்குப் போனால் உயிருக்கு ஆபத்தா என்றும் கேட்கவில்லை. அவர் கெட்டவரும் இல்லை. தன் வாழ்க்கையையே அளவுகோலாகப் பிடித்து அவளை அளக்கிறார், அவ்வளவுதான். எந்த அனுபவத்துக்காக அவரை அழைத்தோமோ, அந்த அனுபவமே அவள் குரலை அவர் காதில் விழவிடாமல் செய்கிறது.

இதற்கு நேர் எதிராக ஓர் அறை. அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு 'நம்பிக்கை மையம்' இருக்கிறது. அங்கே கவுன்சலர் பலரும் எம்.எஸ்.டபிள்யூ. முடித்த இளம்பெண்கள். ஐம்பது வயது லாரி டிரைவர் முடிவுக்காக வந்து உட்காருகிறார். நிமிர்ந்து பார்க்க மாட்டார். "நீ என் பொண்ணு வயசும்மா, உங்கிட்ட என்னத்தைச் சொல்ல?" அவள் கோபிக்கவில்லை, தன்னை நிரூபிக்கவும் முனையவில்லை. கதவைச் சாத்திவிட்டு, "இங்க பேசறது வெளிய போகாதுங்க ஐயா. நீங்க மெதுவாச் சொல்லுங்க" என்று காத்திருக்கிறாள். மாத்திரை இலவசம், விடாமல் சாப்பிட்டால் நீண்ட நாள் வாழலாம், மனைவிக்கும் பரிசோதனை தேவை என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். எழுந்து போகும்போது அவர் கேட்பது, "வீட்டுக்காரியை எப்பம்மா கூட்டியாரட்டும்?" அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்பது அந்த அரை மணி நேரத்தில் எதற்கும் தேவைப்படவில்லை.

காது கொடுத்துக் கேட்பதே பெரிய உதவி என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் 1953-இல் தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்காகத் தொலைபேசி உதவியைத் தொடங்கினார். அவரை நேரில் பார்க்கக் காத்திருந்தவர்களுக்குத் தொண்டர்கள் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணைக்கு உட்கார்ந்தார்கள். அந்தப் பேச்சே போதும் என்று, பாதிரியாரைப் பார்க்காமலே பலர் மனம் தேறித் திரும்பினார்கள். அவர் அதைக் கண்டு அடுத்த ஆண்டே அந்தப் பணியைத் தொண்டர்களிடம் ஒப்படைத்தார். அதுதான் சமாரிட்டன்ஸ். சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகாவும் தொண்டர்களின் காதுகளை நம்பி நிற்கும் அமைப்புதான்.

வயதுதான் தகுதி என்பவர்கள் உடனே ஜிம்பாப்வேயை எடுத்துக்காட்டுவார்கள். டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் அங்கே பாட்டிமார்களை மருத்துவமனை வளாகத்துப் பெஞ்சுகளில் உட்காரவைத்து மனச்சோர்வுக்கு உதவி செய்யவைத்தார். பலன் கிடைத்ததை 2016-இல் வந்த ஆய்வு உறுதி செய்தது. பாட்டி என்பதால்தானே பலித்தது என்று கேட்கலாம். ஆனால் அந்தப் பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். சிக்கலை வந்தவரே பிரித்துப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தானே தீர்வு காண எப்படித் துணை நிற்பது என்று கற்றுக்கொடுத்தார்கள், மேற்பார்வையும் வைத்தார்கள். கோவாவில் சங்காத் அமைப்பு மனநலப் படிப்பே இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து இது போன்ற உதவியைச் செய்தது. ஆறு முதல் எட்டு செஷன். பேச்சின் ஒலிப்பதிவைச் சக கவுன்சலர்களே கேட்டு ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டார்கள். 2017-இல் வந்த முடிவு, மனச்சோர்வு குறைந்ததைக் காட்டியது. கூடத்தில் காபி குடிக்கும் நம் பெரியவரின் பேச்சை யார் கேட்டு மதிப்பெண் போடுகிறார்கள்?

ஆக, ஆலோசகரின் குணம் முக்கியமா என்றால், மிக முக்கியம். அது எந்தக் குணம் என்பதில்தான் நாம் ஏமாறுகிறோம். கார்ல் ராஜர்ஸ் 1957-இல் சொன்னது இன்றும் நிற்கிறது: வந்தவரின் நிலையில் நின்று உணர்வது, நிபந்தனை இல்லாமல் மதிப்பது, வேஷம் போடாமல் இருப்பது. இவை ஜாதகத்திலும் பயோடேட்டாவிலும் தெரியாது.

ஒரு விதிவிலக்கை மனதார ஏற்கிறேன். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண், பெண் ஆலோசகர்தான் வேண்டும் என்றால் அது அவள் உரிமை. யாரும் வாதாடக் கூடாது. தேர்வு அவளுடையதாக இருக்க வேண்டும், அவள் வீட்டாருடையதாக அல்ல.

பெற்றோர்களே, கல்யாண விவரத்தை விட்டுவிட்டு இதைக் கேளுங்கள்: எங்கே பயிற்சி பெற்றீர்கள்? உங்கள் வேலையை மேற்பார்வை செய்பவர் யார்? என் பிள்ளை சொல்வதை என்னிடம்கூடச் சொல்லாமல் காப்பீர்களா, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சொல்வீர்களா? பலன் தெரிகிறதா என்று பிள்ளையிடமே அவ்வப்போது கேட்பீர்களா? இதற்கெல்லாம் நேராகப் பதில் சொல்லாதவரிடம், அவருக்கு எத்தனை வயதானாலும், பிள்ளையை அனுப்பாதீர்கள்.