தலையில் இருந்ததையும் வரையுங்கள்



ஒரு தலைப்பாகை, ஒரு முறுக்கு மீசை. பென்சிலால் இவ்வளவு கீறினாலே பாரதியார் என்று சின்னப் பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள். 1921இல் மறைந்த அவருடைய புகைப்படங்கள் ஒருசிலதான் மிஞ்சின. ஆனாலும் அந்த முகம் மறக்கவில்லை.

ஓவியத்தில் தலையணி ஆளைச் சொல்லும். கிரீடம் என்றால் அரசன். எங்கள் தோட்டங்களில் தொப்பி என்றால் துரை, தலைப்பாகை என்றால் கங்காணி, மழைக்குப் போர்த்திய கம்பளியும் கூடைக் கயிறும் என்றால் கொழுந்தெடுக்கும் பெண். துரைமாரின் படத்துக்குக் கீழே பெயர் இருக்கும். தேயிலை விளம்பரங்களில் கூடையோடு நிற்கும் பெண்ணுக்கோ பெயர் போடுவதில்லை.

1977, 1983 வன்செயல்களால் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்கள், 2009 வரை நடந்த போரில் ஓடியோடிப் படங்களையும் இழந்தன. அப்படி இழந்து நோட்டன் பிரிட்ஜுக்குத் திரும்பிய ஒரு சகோதரிக்கு, இறந்துபோன அம்மாவின் கண்ணையும் மூக்கையும் சொல்ல வரவில்லை. "உச்சியில கயிறு உரசி முடி தேஞ்சிருக்கும்" என்றார். அங்கிருந்தே வரையத் தொடங்கினோம்.

உங்களிடமும் படம் இல்லையா? தலையில் இருந்ததிலிருந்து தொடங்குங்கள். அச்சொட்டாக வர வேண்டியதில்லை. கீழே பெயரை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.