நாய்க்கு ஊசி, தெருவுக்குக் காப்பு

எலியின் சிறுநீர் கலந்த தேங்குநீர் வழியாக நாய்களையும் மனிதர்களையும் தொற்றுவது எலிக்காய்ச்சல். லெப்டோஸ்பைரா என்னும் பாக்டீரியாவே காரணம். நோயுற்ற நாயின் சிறுநீரிலிருந்து அது வீட்டாருக்கும் பரவக்கூடும். நொய்யல் கரையில் நெருக்கமாக வாழும் திருப்பூருக்கு இது அயலான செய்தியன்று.

2025 ஆகஸ்டில் தெருநாய்கள் குறித்து உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபின் வெறிநோய்த் தடுப்பூசி பேசுபொருளானது. எலிக்காய்ச்சல் தடுப்பூசியோ வளர்ப்பவரின் விருப்பமாகவே நிற்கிறது. சில வார இடைவெளியில் இரு தவணை, பிறகு ஆண்டுதோறும் ஒன்று. அதுவும் எல்லா வகைக் கிருமிகளையும் தடுப்பதில்லை. பின்னலாடைத் தொழிலாளி தயங்குவது இயல்பே.

ஆயினும், பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் நான் வேறொரு கணக்கையும் பார்க்கிறேன். செலவு ஒருவருடையது, பயனோ அண்டை வீட்டையும் சேர்கிறது. இதனைப் புறவிளைவு என்போம். பொதுப்பயனுக்கான செலவைத் தனியாளிடமே விட்டால், தேவையினும் குறைவானோரே ஊசி போடுவர்.

நோய் நிலைகொண்டு, பொருத்தமான தடுப்பூசியும் கிடைக்கும் இடங்களில் எல்லா நாய்களுக்கும் இதனைச் செலுத்துமாறு உலகச் சிறுபிராணிக் கால்நடை மருத்துவச் சங்கம் 2024இல் பரிந்துரைத்தது. எனவே, வடகிழக்குப் பருவமழைக்கு முன் அரசு கால்நடை மருந்தகங்களில் இது மானிய விலையில் கிடைக்க வேண்டும். குப்பை குவிந்து எலி பெருகும் தெருவில் ஊசி மட்டும் போதாது என்பதை மாநகராட்சியும் மறக்கலாகாது.