தராசின் முகம் யார் பக்கம்?

கேமரன் மலைக்குச் சுற்றுலா போகும் நம்மில் பலர், சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவில் படம் எடுத்துக்கொண்டு, ஒரு குவளைத் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். கொழுந்து நிறுக்கும் இடத்தை எட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? 'தலைமைத்துவத்தில் நேர்மை' என்று கருத்தரங்குகளில் நாம் மணிக்கணக்கில் பேசுவது, அங்கேதான் நாள்தோறும் சோதிக்கப்படுகிறது.

கொழுந்துக்குக் கிலோ கணக்கில் கூலி. மண்டோர் நிறுக்கிறார், சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிக்கிறார். மலையில் மழைக்குப் பஞ்சமில்லை, நனைந்த இலை கனக்கத்தான் செய்யும். ஆகவே கழிப்பது நியாயமே. ஆனால் எவ்வளவு கழிப்பது என்பதை முடிவு செய்பவர் யார்? ரிங்லெட் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவர் என் பாட்டி. வெயில் காய்ந்த நாளிலும் ஈரத்துக்கு இரண்டு கிலோ போய்விடும் என்பார். தராசு முள் எப்போதும் மண்டோர் பக்கமே திரும்பியிருக்குமாம். கேட்டால் மறுநாள் இலை குறைவான மேட்டு நிரைதான் கிடைக்கும்.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக்கூடாது என்று வரையறுத்திருக்கிறது. ரிங்கிட்டில் கை வைத்தால் சீட்டில் தெரிந்துவிடும். கிலோவில் கை வைத்தால் எந்தச் சீட்டிலும் தெரியாது.

இது பழைய நோய். ஜே.ஏ. ரசல் 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில், தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு ஆள் கொண்டுவந்தவர்கள் கங்காணிகள். வேலைக்கு வந்த தலைகளை எண்ணி அவர்களுக்குத் தலைக்காசு கிடைத்தது. ஊர்க்காரர், உறவுக்காரர் என்ற நம்பிக்கையில் பின்னால் வந்தவர்களே அவருக்கு வருமானம். 1938இல் இந்திய அரசு தடை விதித்ததும் அந்த ஆள்சேர்ப்பு நின்றது. 'நம்ம ஆள்' என்றால் கேள்வி கேட்கக்கூடாது என்ற பழக்கம் மட்டும் நிற்கவில்லை.

திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரம் உண்டு. ஆராய்ந்து பார்த்துத்தான் ஒருவரை நம்ப வேண்டும் என்பது அதன் பொருள். அங்கே ஆராய்பவன் அரசன். தொழிலாளி தன் தலைவனை ஆராய வழி உண்டா?

அந்த வழியை மூணாற்றுப் பெண்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். கேரளத்தின் அந்தத் தேயிலை மலையிலும் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் தமிழர்களே. 2005இல் டாட்டா நிறுவனம் விலகியபோது, கண்ணன் தேவன் மலைத்தோட்ட நிறுவனத்தின் பெரும்பகுதிப் பங்குகள் ஊழியர்களுக்கே வந்தன. காகிதத்தில் அவர்கள் முதலாளிகள்! 2015இல் போனஸ் 20 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைந்தது. அந்தச் செப்டம்பரில் ஆயிரக்கணக்கான பெண்கள் சாலையில் அமர்ந்தார்கள். அவர்களது கோபம் நிர்வாகத்தோடு நிற்கவில்லை. தங்கள் பெயரால் பேசி வந்த தொழிற்சங்கத் தலைவர்களையும் அருகே வரவிடாமல் விரட்டினார்கள். நிர்வாகத்திடம் சலுகை பெறுகிறவர்கள் எங்களுக்காக எப்படிப் பேசுவார்கள் என்பதே அவர்கள் கேள்வி. 'பெண்கள் ஒற்றுமை' என்ற பொருளில் 'பெம்பிளை ஒருமை' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். போனஸும் கருணைத்தொகையுமாகச் சேர்த்து அந்த 20 விழுக்காட்டைப் பெற்றே எழுந்தார்கள். பின்னாளில் அந்த இயக்கம் பிளவுபட்டது வேறு கதை.

சங்கத் தலைவர்கள் எல்லாரும் பொய்யர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கணக்கு ஒரு பக்கத்தாருக்கு மட்டும் தெரிகிற இடத்தில் நல்லவர்மீதும் சந்தேகம் விழும். அவர் தன்னை நல்லவரென்று காட்டிக்கொள்ளவும் வழியிருக்காது.

இனி நம் மலைக்கு வருவோம். கேமரன் மலையில் இன்று கொழுந்து அறுப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். மேற்பார்வை செய்பவர்களிலும் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர்களிலும் நம்மவர் இருக்கிறார்கள். பட்டம் பெற்று நிர்வாகத் துறைக்குப் போகும் நண்பர்களே, தராசு இப்போது நம் கையிலும் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்த செய்தி அந்தத் தொழிலாளிக்கு யார் வாய்வழி, எந்த மொழியில் போய்ச் சேர்ந்தது? எடைச்சீட்டில் மொத்த எடை, கழித்த எடை, காரணம் மூன்றும் அவர் படிக்கும் மொழியில் இருக்கின்றனவா? மின்தராசின் எண்கள் அவர் கண்ணுக்குத் தெரிகின்றனவா? தராசைத் திருப்பி வைக்கச் செலவு ஒன்றுமில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அதைச் செய்துவிடலாம்.