எந்த ஆவிக்கு விலை?

கினிகத்தேனையில் மழை இல்லாத நாள் குறைவு. அத்தகைய ஒரு மழைநாளில் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி எம்மிடம் ஒரு வினாவோடு வந்தாள். நாம் தமிழ் கற்பிக்கிறவர்கள். விஞ்ஞானம் எமது பாடமன்று. ஆயினும் மலையகப் பாடசாலைகளில் விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை தீராத நோயாக இருப்பதால், யாரிடம் கேட்பது என்று அறியாத பிள்ளைகள் கண்ணில் பட்ட ஆசிரியரிடம் கேட்கிறார்கள். அவளது குறிப்புப் புத்தகத்தில் நான்கு வரிகள் இருந்தன. செலுலோசு அசற்றேற்று அசற்றோனில் கரைக்கப்படும். கரைசல் நுண்துளைகளினூடாகத் தள்ளப்படும். சூடான காற்றில் அசற்றோன் ஆவியாகும். எஞ்சுவது செயற்கைப் பட்டு நூல்.

"சேர், அந்த ஆவி எங்க போகும்? அங்க வேலை செய்யிறவங்கதானே அதச் சுவாசிப்பாங்க?" என்று அவள் கேட்டாள்.

பரீட்சைத்தாளில் இந்த வினா வராது. பாடநூலை எழுதியவர்களுக்கும் அது தோன்றவில்லை. தேயிலை ஸ்டோரிலே தூசியைச் சுவாசித்துவிட்டு இரவெல்லாம் இருமுகின்ற தாயின் மகளுக்கு அது தோன்றியது. அந்த வினாவுக்கு நேர்மையான விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் தொழிலை விளங்கிக்கொள்வோம். மரக்கூழையோ பருத்திக்கொட்டையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சையோ அசற்றிக் நீரிலியோடு வினைபுரியச் செய்தால் செலுலோசு அசற்றேற்று கிடைக்கும். அதை அசற்றோனில் கரைத்தால் தேன்போன்ற தடித்த திரவமாகும். எமது வீடுகளில் இடியப்ப உரல் இருக்கிறது. அதன் அச்சிலே துளைகள் இருக்கின்றன. அதே வேலையைச் செய்கின்ற, ஆனால் மயிரிழையளவே துளை கொண்ட ஓர் உலோக அச்சினூடாக அத்திரவம் பிழியப்படுகிறது. பிழிபட்ட இழைகள் பல மீற்றர் உயரமான குழாய் ஒன்றினுள் இறங்குகின்றன. ஸ்டோரிலே கொழுந்தை உலர்த்தும் சூடான காற்றைப் போல, அக்குழாயிலும் சூடான காற்று பாய்கிறது. அசற்றோன் ஆவியாகிறது, இழை இறுகுகிறது, கீழே நூலாகச் சுற்றப்படுகிறது. நீரிலோ அமிலத்திலோ தோய்க்காமல் காற்றிலேயே நூல் பிறப்பதால் இதை உலர்நூற்பு என்கிறார்கள்.

அவளது வினாவுக்கு வருவோம். அந்த ஆவி எங்கே போகிறது? கரைசலில் ஏறத்தாழ கால்பங்குதான் நூலாகும் பொருள். எஞ்சியதிற் பெரும்பகுதி அசற்றோன். ஒரு கிலோ நூல் பிறப்பதற்கு ஏறத்தாழ மூன்று கிலோ அசற்றோன் ஆவியாக வேண்டும். அதைக் காற்றோடு போகவிட்டால் தொழிற்சாலை நடவாது. ஆகவே குழாய்கள் மூடப்படுகின்றன. ஆவி கலந்த காற்று உறிஞ்சி எடுக்கப்பட்டு, தூண்டப்பட்ட கரியினூடாகச் செலுத்தப்படுகிறது. கரி பிடித்துவைத்த அசற்றோனை நீராவி கொண்டு விடுவித்து, வடித்து, மீண்டும் கரைசல் தொட்டிக்கே அனுப்புகிறார்கள். ஆவியாகிய அசற்றோனில் மிகப்பெரும் பங்கு இவ்வாறு திரும்பி வந்துவிடுகிறது.

எத்தனை அக்கறை! கண்ணுக்குத் தெரியாத ஆவியைத் துரத்திப் பிடித்துக் கணக்கில் வரவு வைக்கும் திறமை இது. விஞ்ஞானத்தின் இத்திறமையை நாம் மனமாரப் போற்றுகிறோம். ஆனால் இது தொழிலாளியின் மூச்சுக்காகப் பிறந்த திறமையா? அல்ல. அசற்றோனுக்கு விலை உண்டு. அதனாலேயே அது காப்பாற்றப்பட்டது. தொழிலாளிக்குக் கிடைத்த பாதுகாப்பு, முதலாளியின் சிக்கனத்திலிருந்து சிந்திய துளி.

ஆவி என்ற சொல்லுக்குத் தமிழிலே இரு பொருள் உண்டு. கொதிநீரிலிருந்து எழுவதும் ஆவி. உடலிலிருந்து பிரிவதும் ஆவி. முதலாவது ஆவிக்கு விலை இருந்த இடத்தில் அதைப் பிடிக்க வழி கண்டார்கள். விலை இல்லாத இடத்தில் என்ன நடந்தது? செயற்கைப் பட்டின் மறுபாதி வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.

பிரான்சு நாட்டின் சார்தொனே பிரபு 1884இல் செயற்கைப் பட்டுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். 1889இல் பாரிசுக் கண்காட்சியிலே உலகுக்கு அதைக் காட்டினார். அவர் கரைத்தது நைத்திரோசெலுலோசு. அது வெடிபஞ்சின் உடன்பிறப்பு, எளிதில் தீப்பற்றும். 1892இல் இங்கிலாந்திலே குரொஸ், பெவன், பீடில் ஆகிய மூவரும் விஸ்கோஸ் முறையைக் கண்டனர். இதில் மரக்கூழைக் காரத்தில் ஊறவைத்து, காபன் இருசல்பைட்டுடன் சேர்த்துக் கரைத்து, கந்தக அமிலத் தொட்டியினுள் பிழிகிறார்கள். இது ஈரநூற்பு. மரமும் மலிவு, இரசாயனமும் மலிவு. ஆகவே உலகச் சந்தை விஸ்கோசின் கைக்கு வந்தது. இன்றும் செலுலோசிலிருந்து மனிதன் செய்யும் இழைகளில் பெரும்பங்கு அதுவே.

அந்தத் தொட்டியின் மேலே காபன் இருசல்பைட்டும் ஐதரசன் சல்பைட்டும் எழுகின்றன. காபன் இருசல்பைட்டு நரம்பைத் தின்னும், மனத்தைக் கலக்கும், இதயக் குழாய்களைக் கெடுக்கும். இது பிற்காலத்தில் தெரியவந்த செய்தி என்று எண்ணிவிட வேண்டாம். இறப்பர்த் தொழிலில் இதே பொருளைக் கையாண்டவர்களுக்கு நேர்ந்த சித்தக் கலக்கத்தைப் பிரெஞ்சு மருத்துவர் தெல்பெக் 1856இலேயே எழுதிவைத்தார். விஸ்கோஸ் பிறப்பதற்கு 36 ஆண்டுகளுக்கு முன்னரே நஞ்சின் பெயரும் குணமும் தெரிந்திருந்தன. தெரிந்தும் கட்டினார்கள். அறியாமல் நேர்ந்த விபத்தென்று இதற்குப் பெயர் சூட்ட எவருக்கும் உரிமை இல்லை.

தென்கொரியாவின் வொன்ஜின் ரேயான் ஆலையின் கதை இதைவிடத் தெளிவானது. யப்பானிலே பயன்பட்டுப் பழையதான இயந்திரங்கள் 1960களில் அங்கே வந்தன. நூற்றுக்கணக்கான தொழிலாளர் காபன் இருசல்பைட்டு நோயாளிகளாயினர். நீண்ட போராட்டத்தின் பின் 1993இல் ஆலை மூடப்பட்டது. அதன்பின் அந்த இயந்திரங்கள் உடைக்கப்பட்டனவா? இல்லை, சீனாவுக்கு விற்கப்பட்டன. இயந்திரம் நாட்டுக்கு நாடு பயணம் செய்தது. நோயும் அதனோடு பயணப்பட்டது.

அசற்றேற்றின் கையிலும் கறை உண்டு என்பதை மறைக்க மாட்டோம். முதலாம் உலகப் போரிலே விமானச் சிறகுகளின் துணியை இறுக்கப் பூசிய செலுலோசு அசற்றேற்றுப் பூச்சைச் சில இடங்களில் தெத்திராகுளோரோஈதேனில் கரைத்தார்கள். பூசிய தொழிலாளர் ஈரல் கெட்டு, மஞ்சள் காமாலை கண்டு மாண்டனர். அதன்பின்தான் அந்தக் கரைப்பான் கைவிடப்பட்டது. அதே செலுலோசு அசற்றேற்று. மாறியது கரைப்பான் மட்டுமே. கொல்லுவதும் கொல்லாததும் பொருளின் விதியன்று. எதில் கரைப்பது, எப்படிப் பிடிப்பது என்ற தீர்மானம். அந்தத் தீர்மானத்தை எடுக்கும் மேசையில் தொழிலாளிக்கு நாற்காலி இல்லை.

இது எங்கோ தூரதேசத்துக் கதையென்று தள்ளிவிடவும் முடியாது. பாக்கு நீரிணையின் அக்கரையிலே பெரும்பாவூரில் 1950இல் திருவிதாங்கூர் ரேயான்ஸ் உற்பத்தியைத் தொடங்கியது. அடுத்து மாவூரிலும் சிறுமுகையிலும் ஆலைகள் எழுந்தன. மாவூர் ஆலையின் கழிவு சாலியாற்றைக் கெடுத்தது. சிறுமுகை ஆலையின் கழிவு பவானியாற்றைக் கெடுத்தது. சிறுமுகைக்கு மரம் தந்தவை நீலகிரியின் சரிவுகள். சோலையும் புல்வெளியுமாக இருந்த மலைமீது சீகை மரமும் யூக்கலிப்டசும் அணிவகுத்தன. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எமது உறவினரைப் பெயர்த்தெடுத்தபோது அவர்களில் ஆயிரக்கணக்கானோர் போய்ச் சேர்ந்ததும் அதே நீலகிரிக்குத்தான். காட்டை அழித்துத் தேயிலை நட்ட மக்களின் பேரப்பிள்ளைகள், கூழுக்காக மரம் நட்ட மலையிலே மீண்டும் கொழுந்து பறித்தார்கள். மலை மாறியது, மலையையும் மனிதரையும் மூலப்பொருளாக எண்ணும் கணக்கு மாறவில்லை.

உலர்நூற்புக்கும் அங்கே ஒரு சாட்சி உண்டு. ஐதராபாத் சமஸ்தானத்தின் சிர்ப்பூரில் 1940களில் நிறுவப்பட்ட சிர்சில்க் ஆலை அசற்றேற்று நூல் செய்தது. அது 1980களில் மூடப்பட்டது. அதை நம்பி வாழ்ந்தோர் நடுத்தெருவுக்கு வந்தனர். குறைந்த நஞ்சுள்ள முறை வந்துவிட்டால் உழைப்பாளிக்கு விடிந்துவிடும் என்று நம்புவோர் இதையும் எண்ணிப் பார்க்கட்டும். நல்ல இரசாயனம் மூச்சைக் காக்கலாம். வாயிற்கதவு மூடப்படும் நாளில் அடுப்பைக் காக்காது.

இவ்வளவும் சொன்னவுடன் இரு தரப்பினர் எம்மை மறுக்க வருவார்கள்.

ஒரு தரப்பினர், "செயற்கை எல்லாமே தீமை; இயற்கைக்குத் திரும்புங்கள்" என்பார்கள். இவர்களை நாம் ஏற்கவில்லை. இயற்கைப் பட்டு யாருடைய உடலில் இருந்தது? மன்னன் உடுத்தான், மணியகாரன் உடுத்தான். நெய்தவன் கோவணத்தோடு தறிக்குழியில் இருந்தான். செயற்கைப் பட்டு வந்த பின்னரே தீபாவளி முற்பணத்தில் ஒரு தோட்டத்துத் தாய் தன் மகளுக்கு மினுமினுக்கும் பாவாடை வாங்க முடிந்தது. அந்த மகிழ்ச்சியைப் போலியென்று இகழ எவருக்கும் வாயில்லை. அழகு பணக்காரருக்கு மட்டும் உரியதல்ல.

மற்றத் தரப்பினர், "மலிவான துணி வேண்டுமானால் யாரோ சிலர் விலை கொடுக்கத்தான் வேண்டும், முன்னேற்றத்தின் நியதி அது" என்பார்கள். இவர்களே ஆபத்தானவர்கள், படித்தவர்களின் வேடத்தில் வருகிறவர்கள். இவர்களுக்கு உலர்நூற்புக் குழாயே பதில் சொல்கிறது. ஆவியைப் பிடிக்க முடியும் என்று அது நிரூபித்துவிட்டது. பின்னாளில் வந்த லயோசெல் முறையில் கரைப்பான் ஏறத்தாழ முழுவதுமே மீட்கப்படுகிறது. முடியாததை எவரும் கேட்கவில்லை. முடிந்ததைச் செய்யாமல் விட்டதற்குக் கணக்குக் கேட்கிறோம். அந்த "யாரோ சிலர்" ஏன் எப்போதும் ஒரே வர்க்கத்தைச் சேர்ந்தவர்களாகவே இருக்கிறார்கள் என்றும் கேட்கிறோம்.

இந்தக் கணக்கை மலையகத்துக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. மழையில் நனைந்து பறித்த கொழுந்தைத் தராசில் வைக்கும்போது, ஈரத்துக்கென்று சில கிலோவும் சாக்குக்கென்று சில கிலோவும் கழிக்கிறார்கள். இலையில் ஒட்டிய மழைநீருக்குக் கணக்கு உண்டு; அந்த மழையில் நடுங்கிய உடம்புக்குக் கணக்கு இல்லை. ஸ்டோரின் தரையிலே கூட்டிய கழிவுத் தேயிலைக்கும் விலை உண்டு. அதன் தூசி படிந்த நெஞ்சுக்கு விலை இல்லை. 2015இலே கேட்கத் தொடங்கிய 1,000 ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வெளிவர 2021 ஆகியது. அசற்றோனைத் திரும்பப் பெற அவர்கள் ஆறு ஆண்டு காத்திருப்பார்களா? ஓர் இரவு காத்திருப்பார்களா?

எமது பிள்ளைகளில் பலர் இன்று தோட்டத்தை விட்டுக் கித்துள்கலை வழியாகப் பேருந்து ஏறி அவிசாவளைக்கும், அதற்கப்பால் கட்டுநாயக்காவுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளைத் தேடிப் போகிறார்கள். அவர்கள் தைக்கும் சட்டையின் உட்துணி விஸ்கோசாகவோ அசற்றேற்றாகவோ இருக்கலாம். அந்நூலின் தொடக்கத்தில் ஒரு தொழிலாளி, அதன் முடிவில் ஒரு தொழிலாளி. இருவரும் ஒருவரையொருவர் அறியார். இடையிலே நிற்கும் வணிகன் இருவரையும் அறிவான்.

ஆசிரிய நண்பர்களே, இங்குதான் எமது பொறுப்பு வருகிறது. நான்கு வரிகளைப் பாடமாக்கி ஒப்பிக்கச் செய்வது கல்வியன்று. உற்பத்தியை மட்டும் சொல்லி உற்பத்தி செய்பவனை மறைக்கும் பாடம் நடுநிலையான பாடமும் அன்று. அது ஒரு பக்கம் சாய்ந்துவிட்ட பாடம். விஞ்ஞான ஆசிரியர் அசற்றோனின் கொதிநிலையைக் கற்பிக்கட்டும், அது வேண்டும். அதனோடு அசற்றோன் ஏன் மீட்கப்படுகிறது, காபன் இருசல்பைட்டு ஏன் நெடுங்காலம் காற்றில் விடப்பட்டது என்றும் கற்பிக்கட்டும். வரலாற்று ஆசிரியர் 1892ஐச் சொல்லும்போது 1856ஐயும் சொல்லட்டும். தமிழ் ஆசிரியர்களாகிய நாம் ஆவி என்ற சொல்லின் இரு பொருளையும் விளக்குவோம். எமது பிள்ளைகள் நாளை எந்த ஆலையின் வாயிலில் நின்றாலும், உள்ளே நுழையுமுன் அந்த மாணவி கேட்ட வினாவைக் கேட்கத் தெரிந்தவர்களாக நிற்கவேண்டும். தனியே கேட்டால் வேலை போகும் என்பதையும், சேர்ந்து கேட்டால் கணக்கு மாறும் என்பதையும் அவர்கள் அறிந்திருக்கவேண்டும்.

அந்த மாணவி இரண்டு நாட்களின் பின் மீண்டும் வந்தாள். நாம் தேடி அறிந்ததையெல்லாம் அவளுக்குச் சொன்னோம். அவள் நெடுநேரம் பேசவில்லை. பின் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, நான்கு வரிகளுக்குக் கீழே ஐந்தாவது வரியைத் தானே எழுதினாள்: "விலை உள்ள ஆவி திரும்பப் பெறப்படும்."

பரீட்சையில் அந்த வரிக்குப் புள்ளி கிடைக்காது. கிடைக்கும் நாளை உண்டாக்குவதே எமது வேலை.