ரப்பர் டயரா? ஆளை விடுங்க சாமி!

கார் மாடல் கிட்டைப் பிரிக்கும்போது டயர் மெத்து மெத்துன்னு இருந்தா நம்ம ஆட்களுக்கு ஒரே சந்தோஷம். கெட்டி பிளாஸ்டிக் டயர்னா, "ச்சே, பொம்மை மாதிரி இருக்கு"ம்பாங்க. என் கட்சி நேர் எதிர். அலமாரியில் வைத்து அழகு பார்க்கிற மாடலுக்கு அந்தக் கெட்டி டயர்தான் உத்தமம். (ஆர்.சி. கார் ஓட்டுறவங்க சண்டைக்கு வராதீங்க. உங்களுக்கு ரோட்டுல பிடிப்பு வேணும், தேய்ஞ்சா மாத்திக்கப் போறீங்க.)

முதல்ல, கிட்டில் வருகிற 'ரப்பர்' பெரும்பாலும் ரப்பரே கிடையாது. மழைக்கோட்டு செய்கிற அதே பி.வி.சி. மோந்து பார்த்தாலே தெரியும். பி.வி.சி. இயல்பில் தண்ணிக் குழாய் மாதிரி விறைப்பான சாமான். பிளாஸ்டிசைசர் என்கிற எண்ணெய் மாதிரி திரவத்தைக் கலந்துதான் அதை வளைய வைக்கிறார்கள். அது உள்ளேயே அடங்கிக் கிடக்காது, கொஞ்சம் கொஞ்சமா வெளியே கசியும். பக்கத்தில் பாலிஸ்டைரீன் இருந்தால் அதற்குள் புகுந்து இளக்கிவிடும். நம்ம கிட்டின் ரிம் எதில் செய்தது? பாலிஸ்டைரீன். விளங்கிடும்!

நம்ப முடியலையா? பள்ளிக்கூட ஜாமெட்ரி பாக்ஸை நினைச்சுப் பாருங்க. லீவு முடிஞ்சு திறந்தா அழிரப்பர் பிளாஸ்டிக் ஸ்கேலோட ஒட்டிக்கிட்டு இருக்கும். பிச்சு எடுத்தா ஸ்கேல்ல பள்ளம். அதே கதைதான் இங்கேயும். சூடு ஏற ஏற கசிவும் வேகமாகும். சென்னை மே மாசத்துல, வெயில் படுற கண்ணாடி அலமாரிக்குள்ள... நான் சொல்லணுமா?

சரி, அசல் ரப்பர்? காற்றில் இருக்கிற கொஞ்சூண்டு ஓசோனே போதும், இழுத்து மாட்டின இயற்கை ரப்பரில் வெடிப்பு விட்டுவிடும். பழைய டிங்கி, கோர்கி கார்களின் டயர் விறைத்து, வெடித்து, அவற்றுக்கு மாற்று டயர் விற்பதே ஒரு தனி வியாபாரம். அதே 1950கள், 60களின் குட்டி மேட்ச்பாக்ஸ்களுக்கு முதலில் உலோகச் சக்கரம், பிறகு கெட்டி பிளாஸ்டிக். பெயின்ட் எல்லாம் உதிர்ந்துபோன வண்டியிலும் சக்கரம் பெரும்பாலும் முழுசா நிற்கும். சிலிக்கோனை ஓசோன் ஒண்ணும் பண்ணாது, ஆனா அதன் மேல் பெயின்ட் நிக்காது.

'நிஜ டயர் மாதிரி இருக்காதே' என்பது ஒரு சாக்கு. நடுவில் ஓடும் அச்சுக் கோட்டைத் தேய்த்து எடுங்க, பளபளக்கும் கறுப்புக்குப் பதிலா மங்கலான அடர் சாம்பல் அடிங்க, தரையில் படும் இடத்தை அரத்தால் துளியூண்டு தட்டையாக்குங்க. வண்டியின் கனம் டயரில் தெரியும். வினைல் டயரில் இந்தத் தட்டை வேலை நடக்காது, எனாமல் அடிச்சா வருஷக்கணக்கில் பிசுபிசுன்னு இருக்கும். காசு இருந்தா ரெசின் டயர் வாங்கலாம், இந்தக் கனம் வார்ப்பிலேயே வரும்.

கிட்டில் வினைல் டயர் மட்டும்தான் இருக்கா? ரிம்மைச் சுத்தி சமையலறை அலுமினியத் தாள் ஒரு சுத்து ஒட்டிட்டு டயரை மாட்டுங்க. பெயின்ட் தடுத்துடும்னு நம்பாதீங்க, கசிவு அதையும் இளக்கும்.

டைகாஸ்ட் கார் சேர்ப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்றேன். அந்தப் பளபள பிளாஸ்டிக் பீடத்தில் டயர் நேரா உட்கார வேண்டாம். வண்டிக்கு அடியில் சின்ன மரத்துண்டு வெச்சு, சக்கரம் ஒரு மில்லிமீட்டர் தூக்கி நின்னா போதும்.