பாதி உடம்புக்குப் பச்சைக்கொடி

“சஞ்சு எப்போது வருவார்?” 2025 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வலியசாலை அக்கிரகாரத்திலிருந்து சாலைக் கம்போளம் வரை தமிழிலும் மலையாளத்திலும் புழங்கிய கேள்வி இது. அன்பினால் எழுந்த கேள்வி என்பதில் ஐயமில்லை. விழிஞ்ஞத்தை அடுத்த புல்லுவிளைக் கடலோரத்தில் பிறந்த ஒருவர் இந்திய அணியின் விக்கெட் காப்பாளராகவும் ராஜஸ்தான் ராயல்ஸ் அணியின் தலைவராகவும் உயர்ந்தது இந்நகரத்துக்குச் சொந்தப் பெருமை. ஆயினும் அக்கேள்வி பிழையானது. ‘எப்போது’ என்று கேட்ட நாவுகளில் ‘எவர் சொல்லி, எந்த அளவுகோலின்படி’ என்று கேட்டவை மிகச் சில. விளையாட்டு வீரனின் உடம்பைப் பற்றி நாம் கொண்டுள்ள எண்ணம் எத்தகையது என்பதை அந்த விடுபாடே காட்டிவிடுகிறது.

நடந்ததை முதலில் வரிசைப்படுத்த வேண்டும். 2025 பிப்ரவரி 2, மும்பை வான்கடே மைதானம். இங்கிலாந்துக்கு எதிரான ஐந்தாவது இருபது ஓவர் ஆட்டத்தில் ஜோஃப்ரா ஆர்ச்சர் வீசிய பந்து சஞ்சு சாம்சனின் வலக்கை ஆள்காட்டி விரலைத் தாக்கியது. மருத்துவ உதவி பெற்றுத் தொடர்ந்து ஆடி 16 ஓட்டங்களில் ஆட்டமிழந்தார். பிறகு விக்கெட்டுக்குப் பின்னால் கையுறை அணிந்து நின்றவர் துருவ் ஜுரெல். விரலெலும்பு முறிந்திருந்தது, அறுவைச் சிகிச்சை நடந்தது. சரியாக ஏழு வாரங்கள் கழித்து, மார்ச் 23 அன்று, ஹைதராபாத்தில் ஐ.பி.எல். ஆட்டத்தில் இறங்கி 37 பந்துகளில் 66 ஓட்டங்கள் எடுத்தார். ஊடகங்கள் இதை மீள்வருகை என்று கொண்டாடின.

கொண்டாட்டத்தின் இரைச்சலில் ஒரு நிபந்தனை அமுங்கிப்போயிற்று. கிரிக்கெட் வாரியம் பெங்களூரில் நடத்தும் உயர்சிறப்பு மையம் அவருக்கு மட்டை பிடிக்க மட்டுமே அனுமதி வழங்கியிருந்தது. விக்கெட் காப்புக்கும் களத்தடுப்புக்கும் அனுமதி இல்லை. ஆகவே முதல் மூன்று ஆட்டங்களுக்கு ரியான் பராக் அணித்தலைவரானார். சஞ்சு ‘இம்பாக்ட் பிளேயர்’ என்ற பெயரில் மட்டையோடு மட்டும் வந்து போனார்.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். அவ்விரல் முறிந்தது விக்கெட் காப்பின்போது அன்று; மட்டை பிடித்திருந்தபோது. எந்தச் செயலில் எலும்பு முறிந்ததோ அந்தச் செயலுக்கே முதல் அனுமதி! காப்பாளரின் விரல் ஓர் ஆட்டத்தில் பலமுறை பந்தை வாங்குகிறது, மட்டையாளரின் விரலில் பந்து படுவது அரிது என்று மருத்துவத் தரப்பு விடை கூறலாம். நியாயமான விடைதான். ஆனால் அந்த விடையை எவரும் பொதுவில் எடுத்துரைக்கவில்லை. எடுத்துரைக்க வேண்டிய கடமை தங்களுக்கு உண்டு என்றும் எவரும் கருதவில்லை. ‘அனுமதி கிடைத்துவிட்டது’ என்ற ஒற்றை வாக்கியத்தோடு நாடு நிறைவடைந்துவிட்டது.

2023இல் ஐ.பி.எல்.லுக்குள் நுழைந்த ‘இம்பாக்ட் பிளேயர்’ விதியைப் பற்றி இதுவரை எழுந்த பெரும் குறை, அது ஆல்ரவுண்டர்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்பதே. ரோஹித் சர்மாவே அவ்வாறு வெளிப்படையாகச் சொன்னார். அதைவிட ஆழமான கேடு ஒன்று அவ்விதிக்குள் ஒளிந்திருக்கிறது. முன்பு ஒரு வீரர் ஒன்று ஆடத் தகுதியுடையவர், அன்றேல் தகுதியற்றவர். பாதி ஆறியவரைக் களத்தில் ஒளித்துவைக்க இடமில்லை. இருபது ஓவர்கள் அவர் வெளியே ஓடிப் பந்தைப் பிடித்தே ஆக வேண்டும். அந்தக் கட்டாயமே அவருக்கு ஒரு காப்பு. இவ்விதி அக்காப்பை நீக்கிவிட்டது. இப்போது உடம்பைப் பகுத்து வாங்கலாம்: மட்டை பிடிக்கும் கை இந்த வாரம், பந்தைப் பிடிக்கும் கை அடுத்த வாரம். கசாப்புக்கடைத் தராசுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் உரிமையாளர்கள் சினங்கொள்வர்.

ஏப்ரல் 5 முதல் சஞ்சு முழுப் பொறுப்போடு ஆடினார். ஏப்ரல் 16 அன்று டெல்லியில் 31 ஓட்டங்கள் எடுத்திருந்த நிலையில் விலாப்புறத்தில் வலி கண்டு வெளியேறினார். அடுத்து அவர் ஆடியது மே 18இல்தான். விரல் முறிவுக்கும் விலா வலிக்கும் தொடர்பு உண்டென்று இங்கே வாதிடப்படவில்லை. அதற்குச் சான்று இல்லை. சான்றில்லாததைச் சொல்வது எதிர்த்தரப்பின் பழக்கமாகவே இருக்கட்டும்.

அவசரத்தின் விலைக்குச் சான்று வேண்டுவோர் ஜஸ்பிரீத் பும்ராவின் 2022ஆம் ஆண்டைப் பார்க்கலாம். முதுகுக் காயத்தால் ஆசியக் கோப்பையைத் தவறவிட்டவர் செப்டம்பர் இறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அழைத்துவரப்பட்டார். இரண்டே ஆட்டங்கள். முதுகு மீண்டும் கைவிட்டது. உலகக் கோப்பை போயிற்று. 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் அறுவைச் சிகிச்சை. ஆகஸ்டில்தான் அயர்லாந்து மண்ணில் மீண்டும் பந்து வீசினார். சில வாரப் பொறுமையின்மைக்கு ஏறத்தாழ ஓராண்டு ஈடாயிற்று. அந்த அழைப்பில் கையொப்பமிட்டவர் எவர் என்று எந்த அறிக்கையாவது வெளிவந்ததா?

இத்தகைய கேள்விகளை எழுப்பினால் உடனே ‘வீரம்’ என்ற சொல் குறுக்கே நீட்டப்படும். 2002இல் ஆண்டிகுவாவில் உடைந்த தாடையைக் கட்டிக்கொண்டு அனில் கும்ப்ளே பந்து வீசியதும், 2025 ஜூலையில் மான்செஸ்டரில் எலும்பு முறிந்த பாதத்தோடு ரிஷப் பந்த் நொண்டிவந்து அரைச்சதம் கடந்ததும் எடுத்துக்காட்டாக வரும். அவர்களின் உறுதியை எவரும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் பந்த் மீண்டும் களம் காண மூன்று மாதங்கள் ஆயின. அவர் நொண்டிய படம் கோடிக்கணக்கானோர் கைப்பேசியில் உலவியது. அந்த மூன்று மாதங்களுக்குப் படமில்லை. அதே நிகழ்வுக்குப் பின்னரே, பல நாள் உள்நாட்டு ஆட்டங்களில் கடுமையாகக் காயமுற்றவருக்கு மாற்று வீரரை அனுமதிக்கும் விதியை இந்திய வாரியம் கொண்டுவந்தது. வீரம் என்று கைதட்டியது ஒருபுறமிருக்க, அது விதியின் ஓட்டை என்பதை வாரியமே ஒப்புக்கொண்ட செயல் அது.

‘அவர் இல்லாமல் அணி ஏது’ என்ற வாதமும் அதே 2025இல் பொய்த்தது. சஞ்சு விரலுக்குக் கட்டுப்போட்டிருந்த அவ்வாரங்களில்தான் கேரளம் தன் வரலாற்றில் முதன்முறையாக ரஞ்சி இறுதியாட்டத்தை எட்டியது. காலிறுதியில் ஜம்மு காஷ்மீரைவிட முதல் இன்னிங்ஸில் ஒரே ஓர் ஓட்டம் கூடுதல். அரையிறுதியில் குஜராத்தைவிட இரண்டு ஓட்டங்கள். சச்சின் பேபியின் தலைமையில் மயிரிழையில் நடந்த அப்பயணம், ஒருவர் படுத்தெழ ஊர் காத்திருக்க முடியும் என்பதற்குப் போதிய சான்று.

வலியசாலைக்காரர்கள் இதை வேறொரு வழியிலும் எண்ணிப் பார்க்கலாம். சோழர் மெய்க்கீர்த்திகள் பேசும் காந்தளூர்ச் சாலை இவ்விடமே என்பது ஆய்வாளர் பலரின் துணிபு. அங்கே அறுக்கப்பட்ட ‘கலம்’ மரக்கலமா, உண்கலமா என்ற பூசல் இன்னும் ஓயவில்லை, அது கிடக்கட்டும். அச்சாலையை முன்மாதிரியாகக் கொண்டு ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் 95 சட்டர்களுக்கு ஒரு சாலை அமைத்தான். எந்தப் பிரிவினருக்கு எத்தனை இடம், வைதாலும் அடித்தாலும் என்ன தண்டம் என்பவை செப்பேட்டில் வெட்டப்பட்டன. தன் பொறுப்பிலுள்ள இளைஞர்களுக்கான விதியை எவரும் படிக்கும்படி எழுதிவைப்பது நிறுவனத்தின் முதற்கடமை என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்த மண் இது. கணினியும் ஊடுகதிரும் நிறைந்த பெங்களூர் மையம், ஒரு காப்பாளரின் விரல் எந்தப் பிடிவலிமையை எட்டினால் களமிறங்கலாம் என்ற அளவுகோலை ஏன் பொதுவில் வைக்கக் கூடாது? வீரரின் தனிப்பட்ட மருத்துவக் குறிப்பை எவரும் கேட்கவில்லை. அளவுகோலை மட்டுமே கேட்கிறார்கள்.

பாலக்காட்டு நீளந்தாண்டல் வீரர் முரளி ஸ்ரீசங்கரின் கதை இதற்கு நேரெதிர். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்றவர் 2024 ஏப்ரலில் பயிற்சியின்போது முழங்காலில் காயமுற்றுப் பாரிஸ் ஒலிம்பிக்கை இழந்தார். தோஹாவில் அறுவைச் சிகிச்சை. பதினைந்து மாதங்கள் கழித்து 2025 ஜூலையில் புனேயில் 8.05 மீட்டர் தாண்டினார். அந்தப் பதினைந்து மாதங்களில் தேநீர்க்கடைகளில் ‘ஸ்ரீசங்கர் எப்போது வருவார்’ என்ற கூச்சல் கேட்டதா? நீளந்தாண்டலுக்கு ஏலமில்லை, ஆகவே அவசரமும் இல்லை. நம் நாட்டில் எலும்பும் நாணும் தம் கதியில் ஆறுவதற்குக் கிடைத்திருக்கும் ஒரே பாதுகாப்பு மக்களின் புறக்கணிப்புதான் போலும்!

சஞ்சு இப்போது மஞ்சள் சட்டைக்கு மாறிவிட்டார். ஜடேஜாவையும் சாம் கரனையும் கொடுத்துச் சென்னை அவரைப் பெற்றது. இனிச் சேப்பாக்கமும் வலியசாலையோடு சேர்ந்து அதே கேள்வியைக் கேட்கும். ஆனால் கவலை அவரைப் பற்றியதன்று. முப்பதைத் தாண்டியவர், தம் உடம்பை அறிந்தவர், மறுத்துப் பேசத் தெரிந்தவர். 2025 ஏப்ரலில் அவர் விலா வலியோடு அமர்ந்தபோது காலியான இடத்தில் இறங்கியவர் பதினான்கு வயது வைபவ் சூர்யவம்சி. ஒன்பது நாட்கள் கழித்து 35 பந்துகளில் சதம் அடித்தார். எலும்பு வளர்ந்து முடியாத அச்சிறுவனுக்கு ஒரு நாள் தோளோ முதுகோ நோகும்போது, ‘இன்று வேண்டாம்’ என்று உரிமையாளரிடம் சொல்லும் அதிகாரம் எவரிடம் இருக்கிறது என்பது இன்றுவரை எந்த ஏட்டிலும் எழுதி வெளியிடப்படவில்லை.